இல்லாததுபோல் ஒரு கப்பல்

எம்டனைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மானியக் கப்பல், ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் பேச்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அதே நாட்டிலிருந்து இன்னொரு கப்பல் இந்தப் பக்கம் வந்துபோனதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பெயர் ‘வோல்ஃப்’. வேடம், சாதாரண சரக்குக் கப்பல். கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே அது பீரங்கியைத் தொடவே இல்லை. இருட்டில் எதையோ ஒவ்வொன்றாகக் கடலுக்குள் இறக்கிவிட்டுப் போய்விட்டது. 1917 பிப்ரவரியில் ‘வொர்செஸ்டர்ஷயர்’, ‘பெர்சியஸ்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் கொழும்பை ஒட்டி அடுத்தடுத்து மூழ்கின. ஜூன் மாதம் பம்பாய்க்கு வெளியே ‘மங்கோலியா’ என்ற பயணிகள் கப்பலும் போனது. அந்த நேரத்தில் வோல்ஃப் பசிபிக் பெருங்கடலில், நியூசிலாந்து பக்கம் இருந்தது.

கடற்கண்ணியின் தனிக்குணம் இதுதான். பீரங்கிக்குக் குறிபார்க்க ஆள் வேண்டும், டார்பிடோவுக்கும் வேண்டும். கண்ணியை வைத்தவனோ ஊர்போய்ச் சேர்ந்திருப்பான். வோல்ஃப் இறக்கியவை அந்தக் காலத்து எளிய வகை. உள்ளே வெடிமருந்தும் காற்றும் அடைத்த ஓர் இரும்பு உருண்டை. அது மேலே மிதக்கப் பார்க்கும். அடியில் கிடக்கும் கனத்த நங்கூரம் ஒரு கம்பிவடத்தால் அதைப் பிடித்து, நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே நிறுத்தியிருக்கும். உருண்டையின் மேல் கொம்புகள் முளைத்திருக்கும். ஒவ்வொரு கொம்பும் மெல்லிய ஈயக்கூடு, அதனுள் கண்ணாடிக் குப்பியில் அமிலம். கப்பல் உரசினால் ஈயம் வளையும், குப்பி உடையும், அமிலம் வழிந்து இரண்டு மின்முனைகளுக்கு நடுவே இறங்கும். அந்த நொடியில்தான் அங்கே ஒரு பேட்டரி பிறக்கிறது. அதன் மின்சாரம் வெடியைத் தூண்டுகிறது. எத்தனை வருடம் கடலில் கிடந்தாலும் பேட்டரி தீர்ந்துபோகும் என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் கப்பல் வந்து இடிக்கும்வரை பேட்டரியே இல்லை.

இந்தப் பழைய யோசனை இன்னும் வேலை செய்கிறது. 1988 ஏப்ரல் 14 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ‘சாமுவேல் பி. ராபர்ட்ஸ்’ மோதியது 1908ஆம் ஆண்டு ரஷ்ய வடிவமைப்பிலிருந்து வந்த ஓர் ஈரானியக் கண்ணியில். கண்ணியின் விலை ஆயிரத்து ஐந்நூறு டாலர் அளவில் இருக்கும் என்றார்கள். கப்பலைச் சரிசெய்ய ஆன செலவு ஏறத்தாழ 9 கோடி டாலர்.

கம்பிவடத்தில் நிற்கும் கண்ணியை அகற்றும் வழியும் எளியதுதான். வடத்தை அறுத்துவிட்டால் உருண்டை மேலே வந்துவிடும். துப்பாக்கியால் சுட்டுத் தீர்க்கலாம். முதல் உலகப்போரில் பிரிட்டன் இந்த வேலைக்கு மீனவர்களையும் அவர்களுடைய இழுவைப் படகுகளையும் சேர்த்துக்கொண்டது. இரண்டு படகுகள் நடுவே ஒரு கம்பியை இழுத்துக்கொண்டு ஜோடியாகப் போகும். கடலுக்கடியில் இழுத்து வாருவது மடி இழுக்கிறவர்களுக்குப் புதிதா என்ன? மீனுக்குப் பதில் கண்ணி, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இந்தக் கப்பலுக்கு ‘மைன்ஸ்வீப்பர்’ என்று பெயர். கண்ணி வாரும் கப்பல்.

பிறகு 1939 நவம்பர் வந்தது. தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் கப்பல்கள் எதையும் தொடாமலே வெடித்துக்கொண்டிருந்தன. வாரிப் பார்த்தால் எதுவும் சிக்கவில்லை. 22ஆம் தேதி இரவு ஒரு ஜெர்மன் விமானம் பாராசூட்டில் போட்ட பொருள்கள் குறிதவறி, ஷூபரினஸ் என்ற ஊரின் சேற்றுத் திட்டில் விழுந்தன. நீர் வடிந்ததும் அவை வெளியே தெரிந்தன. ஜான் ஊவ்ரி என்ற கடற்படை அதிகாரி மறுநாள் காந்தம் பிடிக்காத பித்தளைக் கருவிகளோடு சேற்றில் இறங்கி, ஒன்றைத் திருகித் திருகிப் பிரித்தார். உள்ளே இருந்தது காந்த ஊசி. இரும்புக் கப்பல் மேலே போனால் ஊசி அசையும், சுற்று மூடும், வெடிக்கும். தொட வேண்டிய அவசியமே இல்லை. மிதக்க வேண்டியதும் இல்லை. கடலடியில் படுத்தே கிடக்கலாம். அறுப்பதற்கு வடம் ஏது?

விடையும் சீக்கிரமே வந்தது. கப்பலைச் சுற்றி மின்கம்பி ஓட்டி, அதன் காந்தத்துக்கு எதிர்க்காந்தம் உண்டாக்கினார்கள். மின்சாரம் பாயும் நீண்ட கேபிளை மரக்கப்பல்களுக்குப் பின்னால் இழுத்து, பெரிய கப்பல் வருவதுபோல் கண்ணிக்குப் போக்குக் காட்டி வெடிக்க வைத்தார்கள். 1940இல் எஞ்சின் சத்தம் கேட்டு வெடிக்கும் கண்ணி வந்தது. அதற்கு நீருக்கடியில் இரைச்சல் போடும் கருவி வந்தது. அடுத்து வந்தது எண்ணத் தெரிந்த கண்ணி. முதல் ஐந்து கப்பலைப் போகவிட்டு ஆறாவதில் வெடிக்கும். ஐந்து முறை வாரிவிட்டு ‘பாதை சுத்தம்’ என்று அறிவித்தவன் கதி? 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் ஜெர்மானியர் கொண்டுவந்தது இன்னும் மோசம். கப்பல் நகரும்போது அதன் வயிற்றுக்கும் கடலடிக்கும் நடுவே நீர் விரைந்து ஓடுகிறது. விரைந்து ஓடும் நீரில் அழுத்தம் குறைகிறது. அந்தச் சின்னக் குறைவை உணர்ந்து வெடிக்கும் கண்ணி அது. காந்தத்தைப் போலியாகச் செய்யலாம், சத்தத்தையும் செய்யலாம். ஐயாயிரம் டன் கப்பல் நகர்வதால் வரும் அழுத்தக் குறைவைப் போலியாகச் செய்ய வேண்டுமானால் ஐயாயிரம் டன் கப்பல்தான் வேண்டும்.

கண்ணி வாருவது என்பது கண்ணியிடம் பொய் சொல்வது. ‘நான் பெரிய கப்பல், வெடி’ என்று ஏமாற்றுவது. கண்ணிக்கு விவரம் வந்து பொய்யை நம்ப மறுத்தபோது, கடற்படைகளுக்கு மிஞ்சியது ஒரே வழி: கீழே கிடக்கும் ஒவ்வொன்றையும் தேடிக் கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாகத் தீர்ப்பது. இதற்குத்தான் வேட்டை என்று பெயர். வேட்டைக்குப் போகிறவன் விலங்கின் அருகில் போக வேண்டும். அருகில் போகிற கப்பலைக் கண்ணி உணரக் கூடாது. ஆக, வாரும் கப்பல் இருப்பதாக நடித்தது என்றால், வேட்டைக் கப்பல் இல்லாததாக நடிக்க வேண்டும். அதன் உடம்பில் உள்ள ஒவ்வொரு விசித்திரத்துக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பிரிட்டிஷ் கடற்படையின் சாண்டவுன் வகைக் கப்பல். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரின் வுல்ஸ்டன் பகுதியில் இருந்த வாஸ்பர் தார்னிகிராஃப்ட் தளத்தில் கட்டியது. முதல் கப்பல் 1989இல் பணியில் சேர்ந்தது. பிரிட்டனுக்குப் பன்னிரண்டு, சவுதி அரேபியாவுக்கு மூன்று. நீளம் 52.5 மீட்டர், எடை அறுநூறு டன் அளவு, முழு வேகத்தில் மணிக்கு 13 கடல்மைல். போர்க்கப்பல் வரிசையில் பார்த்தால் இது ஆமை. ஆட்கள் நாற்பது பேருக்குள். முன்பக்கம் 30 மி.மீ. துப்பாக்கி ஒன்று. படம் எடுத்து மாட்டிவைக்கிற அழகெல்லாம் இல்லை.

தட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். உலோகச் சத்தம் வராது. உடம்பு முழுக்கக் கண்ணாடியிழை. நம் கடற்கரையில் ‘ஃபைபர் போட்’ என்கிறோமே, 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்ட அதே பொருள். அச்சுக்குள் கண்ணாடி நார்ப்பாயை விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழியை விரட்டி, மேலே அடுத்த பாய். கடலூரிலோ தூத்துக்குடியிலோ படகுப் பட்டறையில் வீசும் அந்த மூக்கைத் துளைக்கும் ரெசின் நெடிதான் வுல்ஸ்டனிலும் வீசியிருக்கும். அங்கே ஒரு போர்க்கப்பலையே அப்படிக் கட்டினார்கள். இந்த வழியில் உலகில் முதலில் வந்தது ‘வில்ட்டன்’, 1973இல் பணியில் சேர்ந்தது. புது முறை தேறுமா என்று பார்க்கும் சோதனை என்பதால், உடைக்கப்பட்ட ஒரு பழைய கப்பலின் இயந்திரங்களை எடுத்தே அதற்குள் வைத்தார்கள். தேறியது. அடுத்து 60 மீட்டர் நீள ‘ஹன்ட்’ வகையில் பதின்மூன்று, அதன்பின் சாண்டவுன்.

மரம் போதாதா என்று கேட்கலாம். 1950களின் ‘டன்’ வகைக் கப்பல்கள் மரந்தான். மஹோகனிப் பலகை, அலுமினியச் சட்டங்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் அது மின்சாரம் கடத்தும். அலையில் கப்பல் உருளும்போது அந்தச் சட்டங்கள் பூமியின் காந்தப் புலத்துக்குள் அசைகின்றன. புலத்துக்குள் அசையும் கடத்தியில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். மின்னோட்டம் இருந்தால் காந்தமும் உண்டு. ஃபாரடே சொன்னதை எதிரி கண்ணிக்குள் வைத்துக் காத்திருக்கிறான். கண்ணாடியிழைக்கு இந்த இரண்டு தொந்தரவும் இல்லை. அதோடு, பக்கத்தில் வெடித்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உப்புநீரில் துருப்பிடிக்காது, மரம்போல மட்காது.

ஆனாலும் எஞ்சினைக் கண்ணாடியிழையில் செய்ய முடியாது. சாண்டவுனில் இருப்பவை இரண்டு பேக்ஸ்மன் வேலன்டா டீசல் எஞ்சின்கள். இவற்றின் பெரிய அண்ணன் பிரிட்டனின் அதிவேக ரயில்களை இழுத்தது. எவ்வளவு காந்தம் குறைத்துச் செய்தாலும் மிச்சம் கொஞ்சம் இருக்கும். அந்த மிச்சத்தை அழிக்கக் கப்பலின் நீளவாக்கிலும் குறுக்கிலும் கிடையிலும் மின்சுருள்கள் ஓடுகின்றன. இவற்றில் எவ்வளவு மின்சாரம் விடுவது என்பது கப்பல் உலகத்தில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. லண்டனில் ஒரு காந்த ஊசியைத் தடையின்றித் தொங்கவிட்டால் அது கிடையாக நிற்காது. தலையைச் சுமார் 66 பாகை கீழே குத்திக்கொள்ளும். அதே ஊசியைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் ஆய்வகம் ஒன்றைத் திருநெல்வேலியில் வைத்திருப்பது அதனால்தான். பூமியின் புலம் ஊருக்கு ஊர் சாய்வதால், அது கப்பலின் இரும்பில் எழுப்பும் காந்தமும் ஊருக்கு ஊர் மாறும். ஊவ்ரி பிரித்த கண்ணியின் ஊசிகூட வட அரைக்கோளக் கப்பல்களின் காந்தத்தை, வடமுனை கீழ்நோக்கி இருப்பதை, மனத்தில் வைத்துச் செய்ததுதான்.

அடுத்தது சத்தம். கண்ணிகளைத் தேடும்போது டீசல் எஞ்சின்கள் கப்பலை ஓட்டுவதில்லை. மின்மோட்டார் ஓட்டும், வேகம் ஆறரைக் கடல்மைலுக்கு மேல் போகாது. மெதுவாகப் போவதில் இன்னொரு லாபம், அடியில் ஓடும் நீரின் வேகமும் குறையும், அழுத்தக் கண்ணிக்கும் உறைக்காது. இங்கே மெத்தனமே கவசம்.

மெதுவாகப் போகிற கப்பலுக்கு ஒரு சங்கடம் உண்டு. சுக்கான் வேலை செய்ய அதன்மேல் நீர் ஓட வேண்டும். நின்ற இடத்தில் சுக்கானைத் திருப்பி ஒன்றும் ஆகாது. காற்றும் நீரோட்டமும் கப்பலை இழுத்துக்கொண்டு போய்விடும். போய்ச் சேரும் இடத்தில் கண்ணி கிடந்தால்? அதனால் சாண்டவுனில் சுக்கானே கிடையாது. ஒகேனக்கல்லில் பரிசலில் போனவர்கள் நினைத்துப் பாருங்கள். பரிசலுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. துடுப்பின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றியே பரிசல்காரர் எந்தப் பக்கமும் போவார், பாறையை ஒட்டி நிறுத்துவார், பயணி அலற வேண்டும் என்றால் சுற்றியும் விடுவார். 1920களில் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் என்ற ஆஸ்திரியர் கண்டுபிடித்து ஜெர்மனியின் ஃபோய்ட் நிறுவனம் செய்துவரும் உந்தி இதை இயந்திரமாகச் செய்கிறது. கப்பலின் அடியில் கிடையாகச் சுழலும் ஒரு வட்டத் தட்டு. அதன் விளிம்பில் செங்குத்தாகத் தொங்கும் இதழ்கள். தட்டு சுழலச் சுழல, ஒவ்வோர் இதழும் வட்டத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதற்கேற்பத் தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். அந்தக் கோண ஒழுங்கைச் சற்று நகர்த்தினால் உந்துவிசை முன், பின், பக்கவாட்டு என்று நினைத்த திசைக்குத் திரும்பும். சாண்டவுனின் பின்பக்கம் இப்படி இரண்டு. முன்பக்கம் தள்ளிவிடத் தனி உந்திகள். எல்லாவற்றையும் ஒரு கணினி ஆட்டிவைத்து, வீசும் காற்றில் கப்பலைச் சொன்ன இடத்தில் பிடித்து நிறுத்துகிறது.

இத்தனையும் கப்பலை மறைக்கத்தான். இனி அது பார்க்க வேண்டும்.

கலங்கிய கடலுக்குள் ஒளி சில மீட்டரில் செத்துப்போகும். ரேடார் அலை அதைவிடச் சீக்கிரம். மிச்சம் ஒலிதான். சோனார் ஒரு ‘பிங்’ அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கிறது. இதில் ஒரு பேரம் உண்டு. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் ஒன்றரை சென்டிமீட்டர். 300 கிலோஹெர்ட்ஸ் என்றால் அரை சென்டிமீட்டர். ஒரு மீட்டர் அகலமுள்ள சோனார் முகம் என்று வைத்துக்கொண்டால், 200 மீட்டர் தொலைவில் முதலாவது மூன்று மீட்டர் அகலத்துக்கு எல்லாவற்றையும் ஒரே திட்டாகக் காட்டும். இரண்டாவது ஒரு மீட்டர் அளவுக்குப் பிரித்துக் காட்டும். கூர்மையான ஒலியே போதுமே என்றால், கடல்நீர் உயர்ந்த அதிர்வெண்ணை வேகமாக விழுங்கிவிடும். தூரம் வேண்டுமா, தெளிவு வேண்டுமா? வேட்டைக் கப்பல் இரண்டையும் வைத்துக்கொள்கிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் ‘அங்கே ஏதோ இருக்கிறது’ என்று கண்டுபிடித்து, நெருங்கி, உயர்ந்த அதிர்வெண்ணில் ‘அது என்ன’ என்று பார்க்கிறது.

சாண்டவுனின் 2093 சோனார் இந்த இரண்டு வேலையையும் ஒரே கருவியில் செய்தது. அதை வைத்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கப்பலின் உடம்புக்குள் ஒரு கிணறு, அடிப்பக்கம் கடலைப் பார்த்துத் திறந்தது. வாளியை இறக்குவதுபோல் அதன் வழியாகச் சோனாரை ஆழத்துக்கு இறக்குகிறார்கள். காரணம் வெயில். மேலடுக்கு சூடாகவும் கீழே குளிராகவும் இருந்தால், ஒலி குளிர்ந்த பக்கம் வளையும். மேலிருந்து அனுப்பிய ஒலி வளைந்து தரையில் இறங்கிவிட, அதற்கப்பால் சோனார் குருடு. அடுக்குக்குக் கீழே இறக்கிவிட்டால் இந்த ஏமாற்று இல்லை.

திரையில் தெரிவதை வைத்து ‘கண்ணி’ என்று சொல்வது எப்படி? பொருளை அல்ல, நிழலைப் பார்த்து. கடலடியில் நிற்கும் பொருள் ஒலியை மறிக்கும். அதற்குப் பின்னால் எதிரொலி வராத கறுப்புப் பட்டை விழும். மாலை வெயிலில் குட்டைப் பனைக்கும் நீள நிழல் விழுவதைப் போல, ஒலி சாய்வாக வந்தால் நிழல் நீளும். சோனார் தரைக்கு 20 மீட்டர் மேலே, பொருள் 200 மீட்டர் தள்ளி, உயரம் அரை மீட்டர் என்றால் நிழல் ஐந்து மீட்டர். பொருள் ஒரு வெள்ளைப் புள்ளிதான்; நிழலில்தான் அது உருளையா, கூம்பா, பாறையா என்பது தெரியும். இதைத் தெரிந்துகொண்ட கண்ணிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. இத்தாலியின் ‘மான்டா’ தட்டையான கூம்பு. அதன் கூடும் கண்ணாடியிழை. 1991 பிப்ரவரி 18 அன்று வளைகுடாப் போரில் அமெரிக்கக் கப்பல் ‘பிரின்ஸ்டன்’ அடிபட்டது அந்த வகையில்தான். கண்ணியும் வேட்டைக் கப்பலும் ஒரே பட்டறைப் பாடத்தைப் படித்திருக்கின்றன.

வேட்டையின் பெரும்பகுதி கண்ணி அல்லாதவற்றைப் பார்த்துத் தள்ளுவதில் கழிகிறது. எண்ணெய்ப் பீப்பாய், பாறைத்துண்டு, தூக்கிப் போட்ட குளிர்பதனப் பெட்டி, அறுந்துபோன நண்டுக்கூடு. இதனால்தான் இந்தக் கப்பல்கள் அமைதிக் காலத்திலேயே துறைமுக வாசல்களைத் திரும்பத் திரும்ப அளந்து, தரையில் எது எங்கே கிடக்கிறது என்று கணக்கு வைக்கின்றன. போர் வரும்போது, நேற்று இல்லாதது எது என்று மட்டும் பார்த்தால் போதும். சேறு நிறைந்த கடலடியில் கண்ணி புதைந்துவிட்டால் நிழலும் இல்லை, கணக்கும் உதவாது. அங்கே இன்றும் சிக்கல்தான்.

கண்ணி என்று முடிவானதும் ஆளையோ இயந்திரத்தையோ அனுப்ப வேண்டும். முக்குளிப்பவர்கள் கப்பலிலேயே இருப்பார்கள். 1970களில் வந்த பிரெஞ்சு ‘பாப்’ என்ற இயந்திர மீன் கேமராவோடு போய், கண்ணிக்குப் பக்கத்தில் நூறு கிலோ வெடியை வைத்துவிட்டுத் திரும்பிவரும். அதற்குப் பின் வந்த ஜெர்மன் ‘சீஃபாக்ஸ்’ திரும்புவதில்லை. 1.3 மீட்டர் நீளம், இரண்டு பேர் தூக்கிவிடலாம். முடிபோன்ற ஒளியிழையை அவிழ்த்துக்கொண்டே போகும்; கப்பலில் இருப்பவர் அந்த இழை வழியே வரும் படத்தைப் பார்த்து அதை ஓட்டிக் கண்ணியின் மேல் நிறுத்துவார். மூக்கில் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான, ஒரே திசையில் பாயும்படி வார்த்த வெடி. கண்ணியும் சீஃபாக்ஸும் சேர்ந்து போகும்.

ஒவ்வொரு கண்ணிக்கும் இதே சடங்கு. கண்டுபிடி, நெருங்கு, நிழலைப் பார், அனுப்பு, வெடி, அடுத்தது. 1950 அக்டோபரில் கொரியாவின் வோன்சான் துறைமுகத்துக்கு வெளியே, ஏறக்குறைய மூவாயிரம் கண்ணிகளுக்காக 250 கப்பல்கள் கொண்ட அமெரிக்கப் படை நாள்கணக்கில் காத்து நின்றது. கண்ணி வாரப்போன ‘பைரேட்’, ‘பிளெட்ஜ்’ இரண்டும் ஒரே நாளில் மூழ்கின. கண்ணி எதையும் மூழ்கடிக்காவிட்டாலும் வென்றுவிடும். நேரத்தைத் தின்றால் போதும்.

இந்த வேலைக்குக் கப்பலே வேண்டாம் என்பது இப்போதைய போக்கு. ஆளில்லாப் படகு சோனாரை இழுக்கட்டும், ஆள் தொலைவில் இருக்கட்டும் என்கிறார்கள். நாற்பது பேரைக் கண்ணியின் மேல் மிதக்க விடுவதைவிட இது புத்திசாலித்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புதியது முழுதாகக் கைக்கு வருமுன் பழையதைக் கழிப்பதில் ஓர் இடைவெளி விழும். இந்தியக் கடற்படையில் அந்த இடைவெளி வேறு காரணங்களால் விழுந்தது. சோவியத் நாட்டில் கட்டிய ‘பாண்டிச்சேரி’ வகை மைன்ஸ்வீப்பர்கள், ‘கடலூர்’ உட்பட, ஒவ்வொன்றாக ஓய்வுபெற்று 2019இல் கடைசியும் போனது. தென்கொரியாவோடு சேர்ந்து கோவாவில் பன்னிரண்டு கட்டும் திட்டம் அதற்கு முந்தைய ஆண்டே கைவிடப்பட்டிருந்தது.

சாண்டவுன் கப்பல்களைப் பிரிட்டன் கழித்தாலும் அவற்றில் பல உடைப்பதற்குப் போகவில்லை. துருப்பிடிக்காத உடம்பு அல்லவா! மூன்று எஸ்டோனியாவுக்கு, இரண்டு ருமேனியாவுக்கு. ‘ஷோரம்’, ‘கிரிம்ஸ்பி’ இரண்டும் ‘செர்காசி’, ‘செர்னிஹிவ்’ என்ற பெயரில் உக்ரைனுக்கு. போர் முடியும்வரை பாஸ்பரஸ் நீரிணை வழியே அவற்றை விட முடியாது என்று 1936ஆம் ஆண்டின் மான்ட்ரோ ஒப்பந்தத்தைக் காட்டித் துருக்கி சொல்லிவிட்டது. கருங்கடலில் கண்ணிகள் மிதந்துகொண்டிருக்க, அவை பிரிட்டனிலேயே பயிற்சி செய்துகொண்டு காத்திருந்தன.

எல்லாவற்றுக்கும் மூத்த ‘வில்ட்டன்’ இப்போது எசெக்ஸ் யாட் கிளப்பின் கட்டடம். தேம்ஸ் முகத்துவாரத்தில் லீ-ஆன்-சீ என்ற ஊரின் கரையில் நிற்கிறது. ஊவ்ரி பித்தளைக் கருவிகளோடு இறங்கிய ஷூபரினஸ் அதே கரையில் கொஞ்சம் கிழக்கே. ஓதம் வடியும்போது அந்தச் சேறு இங்கேயும் வெளியே தெரியும். கப்பல் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மணி நேரத்தில் தண்ணீர் திரும்பி வரும்.